முப்பது சிவப்பு அட்டைகள்

எங்கள் லைனில் முப்பது பெண்கள். கக்கூஸ் போவதற்கு பாஸ் ஒன்றே ஒன்று.

ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "பள்ளிக்கூடத்துலகூட அப்படிக் கெடையாதேட்டி" என்றாள் அம்மா. நான் என்ன கதையா விடுகிறேன்? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு அட்டை. லேமினேட் செய்து, கறுப்பு நாடாவில் கோர்த்து, லைன் லீடர் மேஜைக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். போகவேண்டியவள் கையைத் தூக்க வேண்டும். லீடர் தலையை ஆட்டினால் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம். ஐந்து நிமிடம். அதுவரைக்கும் அவள் இடத்தில் லீடர் நின்று வேலை பார்ப்பாள். லீடர் ஒருத்திதான், அதனால் பாஸும் ஒன்றுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் அது நியாயமாகத் தெரியாது.

காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதுதான் எங்கள் வேலை. ஹார்னஸ் என்பார்கள். கதவு அளவுக்கு ஒரு பலகை. வயர் போகவேண்டிய பாதை அதில் படமாக வரைந்திருக்கும், பாதை நெடுக முளைகள் நட்டிருக்கும். பலகை நகர்ந்துகொண்டே வரும். நம் பங்கு வயரைப் பாதையில் படுக்கவைத்து டேப் சுற்றி முடிப்பதற்குள் அடுத்த பலகை வந்து முகத்தில் இடிக்கும். ஒவ்வொருத்தி நிற்கிற இடத்துக்கும் ஒரு நம்பர். நான் பதினெட்டு. எனக்கு முந்தின இடம் பதினேழில் ஓர் அக்கா நின்றாள்.

அக்காவுக்கு வாலாஜாபாத் பக்கத்தில் கிராமம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் பார்த்த குடும்பம். இவள்தான் முதன்முதலில் கம்பெனி பஸ் ஏறியவள். பத்தாவது படிக்கிற மகள் இருந்தாள். ஒன்பது மாதம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இன்னா திருநெல்வேலி, நின்னுகினே தூங்கறியா?" என்பாள். நான் சங்கரன்கோவில் பக்கம். சங்கரன்கோவில் வேறு, திருநெல்வேலி வேறு என்று ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தேன். மதுரைக்குத் தெற்கே இருக்கிறதெல்லாம் இவர்களுக்குத் திருநெல்வேலிதான். எப்படியும் கூப்பிட்டுத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால், நாள் முழுக்க என்னிடம் வாயைத் திறந்து பேசியது அவள் ஒருத்திதான்.

அறையில் பேச ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். வல்லக்கோட்டை ரோட்டில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் ஒரே ஊர், ஒரே தெரு. அவர்களுக்குள் குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொள்வார்கள், நான் தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுவார்கள். மூன்றாமவளுக்கு வேறு ஷிப்ட். நான் எழுந்திருக்கிற பாயில் அவள் வந்து படுப்பாள். அவள் முகத்தைவிட அவள் தலையணையின் எண்ணெய் வாசனைதான் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் கூட்டம், கேன்டீனில் கூட்டம், லைனில் கூட்டம், குளிப்பதற்கும் வெளியில் ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே நிற்பாள். இத்தனை பேர் நடுவில் இருந்தும், செத்தால்கூட சம்பள நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாஸ் வாங்கிக்கொண்டு போவேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவேன். சும்மா. ஒன்றும் செய்வதில்லை. அழுவதுகூட இல்லை. யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் தனியாக இருக்கிறேன் என்பதே போதும். வெளியே அத்தனை பேருக்கு நடுவில் கிடைக்காத ஒரு நிம்மதி அந்தப் பினாயில் நாற்றத்தில் கிடைத்தது. என்ன பிழைப்பு பாருங்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் தாண்டியது எனக்குத் தெரியும். கூட ஒரு நிமிடம், கூட ஒரு நிமிடம் என்று உட்கார்ந்துகொண்டே இருந்தேன். பன்னிரண்டு நிமிடம் என்று லீடர் பிற்பாடு எழுதிவைத்தாள்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அக்கா மூன்று முறை கேட்டிருக்கிறாள். லீடர் என் இடத்தில், அதாவது அக்காவின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். "பதினெட்டு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குச் சர்க்கரை. அடக்கமுடியாது. பலகை வந்துகொண்டே இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அக்காவின் காலடியில் தரை ஈரமாக இருந்தது. எல்லோரும் அவரவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தண்ணி பாட்டிலு கவுந்துட்ச்சி."

எங்கள் லைனுக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது. கேட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். முப்பது பேருக்கும் அது தெரியும். ஆனால் ஒருத்திகூட, "ஏது பாட்டில்?" என்று கேட்கவில்லை. "பாத்துக்கா, வழுக்கப்போவுது" என்றாள் பதினாறாம் நம்பர். சுத்தம் செய்கிற அம்மா வந்து, தண்ணீரைத் துடைப்பது போலவே துடைத்துவிட்டுப் போனார். லீடர்கூட வாயைத் திறக்கவில்லை. அக்கா யூனிபார்ம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீ டைம் வரைக்கும் அப்படியே நின்று வேலை பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று டேப் சுற்றினேன். 

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இரண்டு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடிக்க எனக்கு தைரியம் வரவில்லை. எடுத்தால் என்ன சொல்வேன்? உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றா? அவள் திரும்பி வரவேண்டும், பதினேழில் நின்று என்னைத் திருநெல்வேலி என்று கூப்பிடவேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என்னால்தான் வரவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாயில் படுத்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண், கலைஞராம். அவள் பேசின இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. கீழே எழுதியிருந்ததை போனிலேயே தமிழாக்கிப் படித்தேன், அரைகுறையாகப் புரிந்தது. அவள் அம்மா ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் கூட்டிப் பெருக்கியவள். இவள் அம்மா போட்டுக் கழித்த மஞ்சள் ரப்பர் கையுறைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒரு நீளமான கோட்டாகத் தைத்திருக்கிறாள். உடம்பெல்லாம் விரல் விரலாகத் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் நடந்துபோனாள். ஒரு கோஷம் இல்லை, கையில் பதாகை இல்லை. சும்மா நடந்தாள். டை கட்டினவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை முறை பார்த்தேன் என்று நினைவில்லை. ஊரில் என்னைக் கருப்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் அவளும் நானும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அவள் பட்டது வேறு, என் கதை வேறு. ஆனால் வாயைத் திறக்காமல் உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்தாலே ஒரு சங்கதியைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பேச ஆளில்லாதவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

நானும் ஒன்று செய்வேன் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பாஸ் மாதிரியே சிவப்பு அட்டைகளை வெட்டி மாலையாகக் கோர்க்கலாம் என்று நினைத்தேன். கோர்த்துப் பார்த்தால் தேர்தல் சமயத்துத் தோரணம் மாதிரி இருந்தது. சீ என்று பிரித்துப் போட்டேன். பிறகு துப்பட்டாவில் தைத்துப் பார்த்தேன். துணி கனம் தாங்காமல் தொய்ந்தது. அதுவும் போக, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போகவேண்டும். வளையல் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, கொலுசு கூடாது. உள்ளே எதைத்தான் போட்டுக்கொண்டு போகலாம்? கோட்டு, தொப்பி, கழுத்தில் ஐடி கார்டு. ஐடி கார்டு கட்டாயம் போடவேண்டும். அப்போதுதான் பொறி தட்டியது. கார்டு எத்தனை போடலாம் என்று எவனும் எழுதிவைக்கவில்லையே!

அப்புறம் எனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தேன். ரைஸ் குக்கர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தேன். பலகையில் வரைகிற மாதிரியே பாதை வரைந்தேன். கழுத்தைச் சுற்றி ஒரு தடித்த தண்டு, அதிலிருந்து இரண்டு தோள் வழியாகவும் இறங்குகிற கிளைகள். மொத்தம் முப்பது கிளைகள். காரில் ஒவ்வொரு கிளை நுனியிலும் விளக்கு, ஹாரன், ஏதாவது ஒன்று இருக்கும். இதில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிவப்பு அட்டை. முளைகளுக்குப் பதிலாக ஊக்குகளைக் குத்தினேன். வயருக்குப் பதிலாகத் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கயிறு. கம்பெனி வயர் ஒரு சாண் எடுத்தாலும் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள், அதனால் டேப்பைக்கூட கம்பெனி இருக்கிற ஒரகடம் கூட்டுரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். ஜெராக்ஸ் கடையில் ஐடி கார்டு உறை முப்பது கேட்டபோது, "டியூசன் சென்டர் வச்சிருக்கீங்களா மேடம்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். மேடம் என்று கூப்பிட்டதற்காக ஒரு பொய் சொல்லலாம், தப்பில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டேப்பைப் பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி சுற்றவேண்டும், அப்போதுதான் வளையும், விட்டுப்போகாது. அதைச் செய்யச் செய்ய எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தினமும் செய்கிற அதே வேலைதான், ஆனால் யாரும் நேரம் பார்க்கவில்லை, பலகை நகரவில்லை, கை தானாகப் பாடிக்கொண்டு போனது. ஒரே ஊர்க்காரிகள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். "என்னக்கா, மாரியம்மனுக்கு நேர்ச்சையா?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றுதான் அவளிடமும் சொன்னேன்.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு நம்பர் எழுதினேன், ஒன்று முதல் முப்பது வரை. பேர் இல்லை, நம்பர் மட்டும். முதல் அளவில் அட்டைகள் முழங்காலில் இடித்தன, கிளைகளின் நீளத்தைக் குறைத்தேன். இரண்டாவது தடவை எல்லாம் ஒரே மட்டத்தில் வந்து கவசம் மாதிரி மூடிக்கொண்டன. ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக மாற்றினேன், நடந்தால் தட்டிக்கொண்டு சத்தம் வரட்டும் என்று. பதினெட்டை மட்டும் யார் கண்ணிலும் படாமல் முதுகுப் பக்கம் விட்டேன். பதினேழை நெஞ்சுக்கு நேராக வைத்தேன். அந்த அட்டையின் கீழ்ப்பாதியில் மட்டும் நீல மை தடவினேன். மை சிவப்பின்மேல் பரவிக் கறுத்து, நனைந்தது போலவே ஆகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்ற பெருமையும் கூடவே வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அதை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன். தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். பஸ்ஸுக்குள் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. பிறகு முன் சீட்டில் யாரோ திரும்பி போட்டோ எடுக்கிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தம்புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு லாரி கூடவே வந்தது. யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னடி இது?" என்று கேட்கமாட்டார்களா என்று இருந்தது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆட்கள் ஏறினார்கள். என் பக்கத்து சீட்டைத் தவிர எல்லாம் நிறைந்தது. சிலர் நின்றுகொண்டே வந்தார்கள்.

கேட்டில் சோதனை போடுகிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கருவியை வைத்துத் தடவினார், சத்தம் வரவில்லை. உள்ளே கொண்டுபோகக் கூடாத சாமான் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அதை ஒரு தடவை முழுதாகப் படித்தார். "இது இன்னாம்மா?" என்றார். "ஐடி கார்டுங்க" என்றேன். "முப்பதா?" "முப்பதுதாங்க."  பிறகு பதினேழைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மெல்ல விட்டுவிட்டு, "போ" என்றார்.

லைனில் என் இடத்தில் போய் நின்றேன். குனிந்து டேப் சுற்றும்போதெல்லாம் அட்டைகள் தட்டிக்கொண்டன. சடசட, சடசட. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரவர் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் தெரிந்தது. ஒவ்வொருத்தியின் பார்வையும் வந்து ஓர் இடத்தில் நின்றது, அப்புறம் நெஞ்சுக்கு நேராக வந்தது, அப்புறம் சட்டென்று கீழே போனது. பதினாறாம் நம்பர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு அறிவு கீதா?" என்றாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள், நான் ஒருத்தி வீராங்கனை!

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சூப்பர்வைசர் வந்தார், ஹெச்.ஆர். அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கத்தவில்லை, அடிக்கவில்லை, ஏசிகூட நன்றாக இருந்தது. ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். யார் செய்யச் சொன்னது? எந்த யூனியன்? எந்தக் கட்சி? எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள்?

"நான்தான் சார் செஞ்சேன்."

"இவ்வளவு நீட்டா நீ ஒருத்தியே செஞ்சியா? சும்மா சொல்லும்மா. உனக்குப் பின்னாடி யார் இருக்கா?"

"எனக்குப் பின்னாடி யாருமே இல்ல சார்."

 என் ஆயுசில் நான் சொன்ன பெரிய உண்மை அதுதான். அவர்கள் அதைத்தான் நம்பவில்லை.

அதைக் கழற்றச் சொல்லி ஒரு குப்பைப் பைக்குள் திணித்தார்கள். வீட்டுக்குப் போ, கூப்பிடுகிறோம் என்றார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அப்படிச் சொன்னால் அத்தோடு சரி என்று அர்த்தம். ஆனால் ஒரு வாரம் கழித்து நிஜமாகவே கூப்பிட்டார்கள். என்னை வேறு லைனில் போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பழைய லைன் வழியாகப் போனேன். லீடர் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கிகள் இருந்தன. இரண்டு சிவப்பு அட்டைகள். லீடருக்குத் துணையாக இன்னொருத்தியையும் போட்டிருந்தார்கள். முப்பதுக்கு இரண்டு! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருந்தாலும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. நான் செய்ததற்கு ஏதோ நடந்திருக்கிறதே.

பதினேழில் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பஸ் ஏறினேன். என்ன வாங்கிப்போவது என்று தெரியாமல் பேக்கரியில் வெகுநேரம் நின்று கடைசியில் பிரட்டும் ரஸ்க்கும் வாங்கினேன். நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவள் ஊரில் இறங்கி, கம்பெனியில் வேலை பார்த்த அக்கா வீடு எது என்று கேட்டேன். கடையில் நின்றிருந்த இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு கையைக் காட்டினார்கள்.

அக்கா வாசலில் சாக்கை விரித்து வேர்க்கடலைச் செடியிலிருந்து காயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வா திருநெல்வேலி. உக்காரு."

உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் கொட்டிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு உள்ள நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். வயித்துவலிகூடக் கெடையாது. சும்மா. என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு."

அவள் ஒரு பிடி காயைச் சாக்கில் போட்டாள். "உக்காந்துகினு இருந்தா இன்னா இப்போ? நானும்தான் உக்காந்துகினு இருந்திருக்கேன். எங்க அம்மா செத்த மாசம் டெய்லி உள்ள போயி அழுவேன். அன்னிக்கெல்லாம் வெளியே எவ நின்னாளோ, எப்டி நின்னாளோ. அதுக்குப் போயி யாராச்சும் கோச்சிப்பாங்களா?"

ஒரு மாதமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரத்தை அவள் ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது. "அப்ப ஏங்க்கா வரல?"

"வரத்தான் இருந்தேன்." குரல் மாறவில்லை. "ஜொரம். டாக்டரு ரெஸ்ட்டு எடுன்னாரு. போன எடுத்தா இன்னா பேசறதுன்னு வெக்கமா இருந்திச்சி, எடுக்கல. திங்கக்கெழம போவலாம்னு யூனிபாரம்லாம் தொவச்சி வச்சிருந்தேன். பாட்டிலு கவுந்துட்ச்சின்னு நான் சொன்னேன், முப்பது பேரும் சரின்னாளுங்க. ஒருத்திகூட ஊர்ல வந்து வாயத் தொறக்கல. எங்க ஊரு பொண்ணுங்களே நாலு பேரு அதே பஸ்ல வராளுங்க, தெரியுமில்ல உனக்கு? அவளுங்களும் சொல்லல. அது போதும்னு இருந்திச்சி எனக்கு."

 என் கை தானாக ஒரு செடியை எடுத்துக்கொண்டது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் எம்பொண்ணு இஸ்கூல் வுட்டு வந்திச்சி. யாரோ ஸ்டேட்டஸ் வச்சாங்களாம், போனக் கொண்டாந்து காட்டுது. உன் போட்டோ. நெஞ்சு மேல பதினேழு, பாதி நனஞ்சி. என் நம்பரு பதினேழுன்னு ஊருக்கே தெரியும். 'அம்மா, பதினேழு நீதான? கிளாஸ்ல கேக்கறாங்க'ன்னுச்சி." அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "நான் இன்னா சொல்லட்டும் அதுக்கு? நீ சொல்லு."

 உளறினேன். அமெரிக்காவில் ஒரு பெண், அவள் அம்மாவின் கையுறை, அதைப் போட்டுக்கொண்டு கட்டடத்துக்குள் நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் இப்போது இரண்டாகிவிட்டது என்பதையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "அந்தப் பொண்ணு அவுங்க அம்மாவக் கேட்டுத்தான செஞ்சிருக்கும்?"

இத்தனை முறை பார்த்தும் அது என் புத்திக்கு எட்டவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

உள்ளே யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டது. மகளாக இருக்கும். வெளியே வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"திரும்பி வருவீங்களாக்கா?"

அவள் குரலைத் தணித்தாள். "எப்டி வருவேன்? இனிமே அந்த எடத்துல நின்னா எவ என்ன பாத்தாலும் அந்த அட்டதான் தெரியும்." காயைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. எவளாச்சும் செய்யவேண்டியதுதான் அது. ஆனா நீ பாட்டுக்கு ரூம்ல தனியா உக்காந்துகினு செஞ்சிட்ட. இங்கேருந்து ஒரகடம் இன்னா சீமையா? இன்னிக்கி பஸ் புடிச்சி வந்தல்ல, அன்னிக்கி வந்திருந்தா இன்னா? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே மாட்டிக்கினு உள்ள வந்திருப்பேன்டி."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.